பெட்டியோடு வந்த வீடியோக்காரர்

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் ஒரு வீடியோக்காரர் என் பக்கத்தில் இருந்தார். நரைத்த தாடி, நித்திரை காணாத கண்கள். தோளில் மெல்லிய லப்டொப் பை. மடியில் கல்லுப்போலப் பாரமான ஒரு கறுப்புப் பெட்டி. தனக்குத் தந்த உயிர்காப்பு அங்கியை அந்தப் பெட்டிக்குத்தான் போர்த்தியிருந்தார்.

“என்னண்ணை இது?”

“கிராபிக்ஸ் கார்ட், தம்பி. லப்டொப்பிலை கொழுவினால் வீடியோவைக் கெதியா எடிட் பண்ணலாம். முந்தி எல்லாம் ஒண்டாய் இருக்கிற கேமிங் லப்டொப் வைச்சிருந்தனான். அதைக் காவிக்கொண்டு படகு ஏறி இறங்கியே தோள்மூட்டுப் போச்சு. இப்ப இது தனி. கலியாணவீடெண்டால் பெட்டியை வீட்டிலை விட்டிட்டு வருவன், பிறகு ஆறுதலா எடிட் பண்ணலாம். செத்தவீடெண்டால் காவத்தான் வேணும். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள் அண்டைக்கே பாக்கவேணுமெண்டு நிப்பினம்.”

“அப்ப, இந்த வருசம் பெட்டி இல்லாமல் எத்தினைதரம் வந்தனீங்கள்?”

பெட்டியில் தெறித்த உப்புத்தண்ணியைச் சாரத்தின் நுனியால் துடைத்தார்.

“ஒருக்கா. அதுவும் ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு.”

பெட்டியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நெடுந்தீவு வரும்வரை அவர் நித்திரை கொண்டார்.