கொக்குக் கேடயம்

வினிகரில் நனைத்த துணியால் கடைச் சன்னலைத் துடைக்கும்போது, கொக்குகள் மேல் மட்டும் ஹோரஸ் ஸ்கெல்வர்டைனின் கை மெதுவாகப் போகும். நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளைக் கொக்குகள், அவர் குலச்சின்னம். அதைத் துடைத்த பிறகுதான் மீன் பொரிக்கும் எண்ணெய் சூடேறும்.

"பிரபுவே, ஒரு காட் மீனும் சிப்ஸும். உப்பு தாராளமா இருக்கட்டும்," என்பாள் எதிர்வீட்டு பெரில்.

"சிரி, சிரி. லங்காஷயர் மாவட்டம் முழுக்கத் தேடு. இந்தப் பேரு எங்க வீட்ல மட்டுந்தான்."

ஞாயிறானால் ஏதாவதொரு தேவாலயத்தில் முட்டிபோட்டு, முன்னோர் கல்லறைகளில் பாசி சுரண்டுவார். "செத்தவங்களப் பாக்க இஸ்திரி போட்ட சட்டை எதுக்கு?" என்பாள் மனைவி மொரீன்.

ஆண் வாரிசு இல்லை. மகள் ரொவீனாவைக் கட்டப்போகிற காலின் ஹாக், வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவன். அவனிடம் ஹோரஸ் நேராகவே சொல்லிவிட்டார்: "கடை வேணும்னா என் பேர வச்சுக்க மாப்ளே. ஹாக்னு ஒரு பேரா? இருமி முடிக்கிறதுக்குள்ள தீந்துபோகுது."

"எங்கப்பா அந்தப் பேரோடதான் பஸ் ஓட்டி எங்கள வளத்தாரு. கடைய நீங்களே வச்சுக்குங்க, மாமா."

"காலின் இல்லாத கடை எனக்கும் வேணாம்ப்பா," என்றாள் ரொவீனா. அதன்பின் அவள் கடைப்பக்கம் வரவில்லை.

போன ஞாயிறு, பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் காவலாளி கம்பளத்தைச் சுருட்டித் தரைக்கல்லைக் காட்டினார். ஹோரஸ் பல வருடமாகத் தேடிய மூதாதை ராபர்ட் அங்கே கிடந்தார். ஆனால் பிறக்கும்போது அவர் ராபர்ட் பக். ஆண் வாரிசில்லாத ஸ்கெல்வர்டைன் வீட்டின் கடைசி மகளைக் கட்டியவர். மாமனார் உயில்படி, நிலத்துக்காகத் தன் பெயரைத் துறந்து, அவள் பெயரையும் கொக்குகளையும் ஏற்றுக்கொண்டார் என்றது கல்.

முட்டிபோட்டபடியே ஹோரஸ், "இவரோட அப்பன் பேரு என்ன?" என்று கேட்டார்.

"பக்குதான். மத்தது யாருக்குத் தெரியும்? அந்தாளுக்கு இங்க கல்லே இல்லையே."

மறுநாள் காலை எண்ணெய் சூடேறவில்லை. வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. வரச்சொன்ன காலினிடம் ஹோரஸ் வண்ண டப்பாவை நீட்டினார்.

"கொக்க அழிக்கணுமா, மாமா?"

"அது கெடக்கட்டும். கடைப் பலகையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேர எழுது."

"எவ்வளவு பெருசா?"

"என் பேரு அளவுக்கு."

காலின் ஏறினான். ஹோரஸ் தோளில் கிடந்த வினிகர்த் துணியைக் கீழே போட்டுவிட்டு, ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.