நர்ஸம்மா சொல்லாமல் விட்டது

காலடிப்பேட்டைச் சந்தையில் கூடையை இறக்கும்போதுதான் சொன்னார்கள், ரோஸ் நர்ஸம்மா போய்விட்டார் என்று. ஆறு வருஷமாக நான் அவரோடு பேசவில்லை. அவர் கையில் பிள்ளை பெற்ற குப்பத்துப் பெண்களே, உங்களுக்கு அது தெரியும். காரணம் தெரியாது.

என் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதைக் காட்டத்தான் அன்று அவரிடம் போனேன். துணைக்கு வந்த தங்கை செல்லத்தின் கழுத்தில் புளியங்கொட்டை அளவுதான். நர்ஸம்மா எங்கள் இருவர் கையிலும் சொம்பைக் கொடுத்து, தண்ணீர் முழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார், தடவினார்.

"உன்னுது மெத்துனு கீது. வருசக்கணக்கா அப்டியே கீது. இவுளுதுதான் கல்லு மாரி கீது. கொரலு எப்பலேந்து கம்மிச்சு?"

"கரையில மீன் கூவிக் கூவி கம்மிப்பூச்சுமா" என்றேன்.

"நீயுந்தான் கூவுற. ஒன் கொரலு எண்ணூர் வரிக்கும் கேக்குதே." பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "கட்டின்னா எல்லாமே புத்து இல்ல. அநேகமா ஒண்ணும் பண்ணாது. இது அப்டித்தானான்னு பாத்துடணும்."

பெரிய ஆஸ்பத்திரியில், செல்லத்தின் கட்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும், கழுத்தில் தாலி இருக்கக் கூடாது என்றார்கள். கட்டுமரம் ஏறுகிறவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதா? நர்ஸம்மாவே வீடு தேடி வந்தார்.

"அவன் கையாலயே மணிக்கட்டுல கட்டட்டும். கழுத்துல இருந்தா இன்னா, கையில இருந்தா இன்னா?"

செல்லத்தின் புருஷன் தலையாட்டினான். நான்தான் குறுக்கே நின்றேன். "ஒனுக்கு புருசன் கீறானா? ஒனுக்கு இன்னா தெரியும்?" என்று கல்யாணம் ஆகாத அந்த மனுஷியைக் கேட்டேன். "யோசிச்சு சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

மழைக்காலத்தில் செல்லத்துக்குக் கஞ்சி இறங்கவில்லை. அப்போது புருஷன் தாலியை மணிக்கட்டில் கட்டினான். புற்று மூச்சுக்குழாய் வரை போய்விட்டது என்றார் டாக்டர். பொங்கலுக்கு அவள் இல்லை. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது.

சாவு வீட்டுக்கு நர்ஸம்மா வந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்பார் என்று பதிலை நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். "எதுனா துன்னியா?" என்று மட்டும் கேட்டார். அதற்காகத்தான் பேசவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன்.

என் கட்டி அவர் சொன்னபடி சும்மாதான் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு சொம்புத் தண்ணீரும் அவர் பார்த்த பார்வையும்தான். நேற்று அவருக்கு மண் போட்டுத் திரும்பும்போது, பக்கத்துக் கூடைக்காரி கனகா கம்மிய குரலில் பேசினாள்.

"கூவிக் கூவி இப்டி ஆயிட்ச்சுக்கா."

வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"மோவாய நிமித்து. முழுங்கு, நான் பாக்கறேன்."