புயலுக்குப் பிரித்த கரிமூட்டம்

என்னிடம் இரண்டு பைகள் உண்டு. ஐப்பசி பிறந்தால் நீலப் பை, பங்குனி பிறந்தால் சிவப்புப் பை. நீலம் புயலுக்கு. ரேஷன் கார்டு, ஆதார், மகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி அதில் வைத்திருப்பேன். சிவப்பு தீக்கு. அதே கார்டு, அதே சான்றிதழ்தான். ஆனால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளுமே என்று துணியில் சுற்றியிருப்பேன். ஒரு பையைக் கட்டி முடித்தால் மற்றது ஆணியில் காலியாகத் தொங்கும்.

"பையைத்தான் மாத்துறா, பயத்தை மாத்தல" என்பார் என் மாமியார்.

அவர் சொல்வதில் பொய்யில்லை. எங்கள் வீடு கடலாடியிலிருந்து வாலிநோக்கம் போகிற பக்கம். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, ஆனால் காற்று திரும்பினால் உதட்டில் உப்புக் கரிக்கும். மூன்று பக்கமும் சீமைக்கருவேலங்காடு. வெயில் காலத்தில் அதற்குள் ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும். அதனால் பங்குனியில் வீட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக்கி வைப்பேன். அடுப்படி மேல் கிடக்கிற ஓலைக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பேன். ஒருமுறை மாமியார் கும்பிட்டுவிட்டு வைத்த ஊதுபத்திப் புகையைப் பார்த்து ஒரு குடம் தண்ணீரைச் சாமி படத்தின் மேலேயே ஊற்றிவிட்டேன். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு இந்த வட்டாரத்தில் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டி.வி.யில் காட்டுகிற புயல் படத்தில் எனக்கு என்ன புரியும்? அந்தச் சுழி நம்ம பக்கம் பார்க்கிறதா, வேறு பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். எப்போதும் அது நம்ம பக்கம் பார்ப்பது மாதிரிதான் தெரியும்.

போன வருஷம் கார்த்திகையில் வீட்டுக்குப் பின்னால் கரிமூட்டம் கிடந்தது. எங்கள் காட்டில் வெட்டிய கருவேல விறகு மொத்தமும் அதற்குள்தான். அந்த வருஷத்துக்கு எங்களுக்கென்று இருந்ததும் அதுதான். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் விறகை அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசித் தீ வைத்திருந்தார்கள். மூட்டத்துக்குள் தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது, புகைந்து வெந்து கரியாகவேண்டும். வெந்ததும் புகை போகிற ஓட்டைகளை எல்லாம் மண் வைத்து அடைத்துவிட்டுச் சும்மா விட்டுவிட வேண்டும். காற்றில்லாமல் அதுவே மூச்சுமுட்டி அவியும். அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது. மேல்மண் சில்லென்று இருக்கும், உள்ளே நெருப்பு கண்ணை மூடிக் கிடக்கும். காற்றைக் கண்டால் முழித்துக்கொள்ளும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டைகளை அடைத்து ஆற விட்டிருந்த நேரத்தில்தான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். புயல் வருது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க.

நான் அதற்கு முன்பே கூரைத் தகரத்தின் மேல் மணல் மூட்டை ஏற்றிக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லியிருந்தேன். புயலுக்குப் பின் கரண்டும் வராது, குழாயில் தண்ணீரும் வராது. ஆகவே அண்டா, குடம், இட்லிச் சட்டி வரைக்கும் நிரப்பி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் எதையும் பார்க்கவில்லை. மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை அடித்தால் மண் கரையும். காற்று அடித்தால் மூட்டம் வாய் திறந்து, தீப்பொறி நேராக எங்கள் அடுப்படி ஓலைக்குத்தான் வரும்.

"பிரிச்சிருவோம்" என்றார்.

"இன்னும் ஆறலைங்க."

"காத்து பிரிச்சா உன்கிட்ட கேட்டுட்டா பிரிக்கும்? தண்ணி தெளிச்சுத் தெளிச்சு எடுப்போம்."

பிரித்தார்கள். சிவந்த இடத்திலெல்லாம் நான் தண்ணீர் தெளித்தேன். கொழுந்தன் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டார். தூறல் விழ ஆரம்பித்ததும் கை இன்னும் வேகமாக ஓடியது. சாக்கைக் கட்டி என் வீட்டுக்காரர் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றி வீட்டுக்குள் நடந்தார்.

"உள்ளையா வைக்கிறீக?"

"பின்ன, நனையவா பிரிச்சோம்?"

"வேப்பமரத்தடியில வச்சுத் தார்ப்பாயைப் போடுவோமே."

மாமியார் குறுக்கே வந்தார். "புயலுக்குத் தார்ப்பாய் நிக்குமா? ஏத்தா, அது கரி. வெந்து முடிஞ்சது. வெந்ததைக் கண்டு ஒரு பயமா?"

எல்லா மூட்டையையும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தன. வெள்ளம் புகுந்தால் நனையாமல் இருக்கட்டும் என்று பாய், தலையணை, மகளின் புத்தகங்கள் எல்லாவற்றையும் அந்த மூட்டைகளின் மேலேயே அடுக்கினோம். வீட்டில் உயரமான இடம் வேறு ஏது? சிலிண்டரைத் திருகி மூடினேன். கதவைப் பூட்டினேன். பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "என்ன மதினி, எதையும் மறந்துட்டு வந்துட்டீகளா? மூஞ்சியே சரியில்ல."

"அவளா மறப்பா?" என்றார் மாமியார். "மறக்கத் தெரிஞ்சா உடம்புல நாலு சதை வச்சிருக்குமே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் தூர்க்கரி ஞாபகம் வந்தது. மரத்தின் அடித்தூர் தொடை கனம் இருக்கும். அது வெந்த கரியின் நடுவில் நெருப்பு இருந்தால் மேலே எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் போய்ச் சேராது. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெதுவாகக் கேட்டேன். "தூர்க்கரி எந்த மூட்டையில இருக்கு?"

என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். பிறகு தம்பியைப் பார்த்தார். "ஏலே, தூரெல்லாம் உடைச்சுப் பார்த்துத்தான அள்ளுன?"

"மழை வருது, மழை வருதுன்னு நீதானண்ணே விரட்டுன."

அவர் எழுந்து கை கழுவினார். "இந்தக் காத்துல எங்கடா போற?" என்றார் மாமியார். "போனை வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். போன் அவர் சட்டைப் பையில் தெரிந்தது. நான் பின்னாலேயே போய் வண்டியில் ஏறினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மழை முகத்தில் கல்லாக அடித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல மரம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒவ்வொன்றையும் தண்ணீருக்குப் பயந்து கட்டினேனே. கார்த்திகையில் தீயை யார் நினைப்பார்கள்? சிவப்புப் பை அங்கே ஆணியில் காலியாகத் தொங்குகிறது.

வீடு வெளியிலிருந்து நன்றாகத்தான் இருந்தது. அவர் பூட்டைத் திறந்ததும் சாக்கு கருகுகிற வாடை வந்தது.

"முழுசாத் தொறக்காதீங்க, காத்து பாஞ்சிரும்."

ஒருக்களித்து நுழைந்து கதவைச் சாத்தினோம். கண் எரிந்தது. சுவரோரம் அடியில் இருந்த மூட்டையில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. உள்ளே வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்து கிடந்தது. மேலே இருந்த பாயின் ஓரம் பழுப்பாகியிருந்தது. அதற்கு அடுத்து மகளின் புத்தகங்கள்.

நான் நிரப்பி வைத்திருந்த அண்டாத் தண்ணீரை அவர் தூக்கி ஊற்றினார். உஸ் என்று ஆவி கிளம்பி ஒன்றும் தெரியவில்லை. குடம் குடமாக ஊற்றினோம். பிறகு அந்த மூட்டையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டோம். வெளிக்காற்று பட்டதும் அது குப்பென்று பிடித்து ஓர் ஆள் உயரம் எரிந்தது. மழைதான் அதை அடக்கியது.

"அவிஞ்சுபோச்சு, வா" என்றார்.

"மத்ததும் வெளியில போகணும்."

"எல்லாமா?"

"எல்லாமும்தான்."

"நனைஞ்சா போச்சே..."

"நனையட்டுங்க."

வெளியே தகரம் படபடவென்று அடித்தது. அவர் குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தார். மறு நுனியை நான் பிடித்தேன். வேப்பமரத்தடியில் போட்டுத் தார்ப்பாயைப் போர்த்தினோம். காற்று அதைக் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது மாமியார் கேட்டார், "போன் கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றார் அவர்.

மாமியார் என் கையைப் பார்த்தார். முழங்கை வரை கரி. முந்தானையால் பிடித்துத் துடைத்துவிட்டார். "வெந்தது திரும்ப வேகும்னு யாரு கண்டா" என்று கரியைத் திட்டுகிற மாதிரி முணுமுணுத்தார்.

புயல் திசைமாறி வேறெங்கோ கரையைக் கடந்தது. எங்களுக்கு வந்தது அதன் வால்தான். மறுநாள் சுள்ளென்று வெயில். வராத புயலுக்கா இத்தனை ஆட்டம் என்று ஊரே சிரித்தது. எங்கள் கரியில் பாதி மழையில் ஊறிக் கிடந்தது. கதவு, சுவர், கூரை எல்லாம் நின்ற இடத்தில் நின்றன.

இந்த வருஷ மூட்டம் நன்றாக ஆறிய பிறகுதான் பிரித்தோம். தூரெல்லாம் உடைத்து அள்ளினோம். மூட்டைகள் வீட்டை விட்டுத் தள்ளி வேப்பமரத்தடியில் இருக்கின்றன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் துண்டை விரித்துப் படுப்பார். கண் அசந்தது மாதிரி இருக்கும், எழுந்துவிடுவார்.

"எங்க போறீக?"

"சும்மா."

ஒவ்வொரு மூட்டையாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கும். வந்து படுப்பார். அவர் புரண்டு படுத்ததும் நான் எழுந்து போவேன்.