பாயிண்டுக்கு ஒரு சீட்டு

சூடு ஆறாத தாளுக்கு ஒரு மணம் உண்டு. நகல் எடுக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து வந்து விழுந்தவுடன் எடுத்து முகத்தோடு ஒட்டிக்கொண்டால், லேசாகக் கருகிய வாசனையும் இஸ்திரி போட்ட துணியின் இதமும் சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் அந்த மணம் வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். பன்னிரண்டு வயதில் நான் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்த இடத்தின் மணம் அது. என்ன கொடுத்தேன் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் பூக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி, பிரகாஷ் அண்ணனின் அப்பா நகல் கடை வைத்திருந்தார். கீழே இயந்திரம், மேலே பலகைத் தளம் போட்ட அறை. தாள் கட்டுகளை அடுக்கியது போக மிச்சமிருந்த இடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் மூன்று பேர் உட்காருவோம்: பதினைந்து வயது பிரகாஷ் அண்ணன், என் வகுப்புத் தோழி நஸ்ரின், நான். நஸ்ரினின் அத்தா அதே வரிசையில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை நடத்தினார் என்பதால், அவள் வரும்போது அவளுக்கு முன்னால் குழம்பு வாசம் படியேறி வரும்.

நாங்கள் விளையாடியது, நகல் எடுக்க ஒரு கல்லூரி மாணவர் கொடுத்துவிட்டுப் போன தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த விளையாட்டு. அண்ணன் அப்பாவுக்குத் தெரியாமல் தனக்கும் ஒரு பிரதி அடித்துக்கொண்டார். ஒருவர், எங்களில் எப்போதும் அண்ணன், கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாகி நடமாட வேண்டும். சுவரேறும் திருடி ஒருத்திக்குக் "கொடி" என்று பேர் வைத்து நான் எடுத்துக்கொண்டேன். நஸ்ரினுடையவள் வாள் வீசும் "சுல்தானா". ஆபத்திலிருந்து தப்பித்தால் "பாயிண்ட்" கிடைக்கும், அந்தப் பாயிண்டைச் செலவு செய்தால் ஏறுவதிலோ வெட்டுவதிலோ நம் ஆள் ஒரு படி உயர்வாள். பகடைக்குப் பதிலாக ஆறு பக்கப் பென்சில் ஒன்றில் எண்களைக் கீறி உருட்டினோம்.

பாயிண்டை எப்படிச் செலவு செய்வது என்று சொல்லும் பக்கங்கள்தான் எங்கள் பிரதியில் இல்லை. அந்த நான்கைந்து தாளையும் இயந்திரம் தின்றுவிட்டது. ஆரம்பத்தில் மனம்போன போக்கில் செலவு செய்தோம். நஸ்ரின் ரப்பரால் அழித்து அழித்து எழுதியதில் சுல்தானா இரண்டே வாரத்தில் அசகாய சூரி ஆகிவிட்டாள். அண்ணனுக்குக் கோபம் வந்தது. வீணாய்ப் போன நகல் தாள்களைச் சீட்டு சீட்டாக நறுக்கிக்கொண்டு வந்து, காலி பிஸ்கட் டின் ஒன்றை நடுவில் வைத்து, ஒரு சட்டம் போட்டார். செலவழிக்கும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் நமக்கு நிஜமாகவே நடந்த ஒன்று இருக்க வேண்டும், வேறு யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். எழுதி, மடித்து, மேலே பெயரைப் போட்டு டின்னில் போட்டபின் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. உண்மையைக் கொடுத்து வாங்கினால் கள்ளம் பண்ண மனசு வராது என்பது அவர் எண்ணம். பதினைந்து வயதுக்கு மோசமான எண்ணம் இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் செருப்பை மாட்டும்போதெல்லாம் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, "விளையாட்டு வினையாயிடும், பாத்துக்க" என்பாள். மாடிப்படியில் ஓடினாலும் சொல்வாள், பாண்டி ஆடினாலும் சொல்வாள். அதனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பே இல்லை.

நான் மொத்தம் பன்னிரண்டு சீட்டு போட்டேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, முதல் பதினொன்றில் ஒன்றையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று முயன்றேன். ஒன்றும் வரவில்லை. பென்சில் பிடித்த விரல் நினைவிருக்கிறது, தாளின் சூடு நினைவிருக்கிறது, எழுத்து இல்லை. பிள்ளை வயது, மறந்திருப்போம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நஸ்ரினின் கை என்று ஒன்று இருக்கிறது. ஒருநாள் அவள் சீட்டு எழுதும்போது "பூனை" என்ற சொல் என் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கு அவள் மணிக்கட்டில் நாலு கோடாகக் கீறல், பொருக்குத் தட்டியிருந்தது. சில வாரம் கழித்து, தழும்பைப் பார்த்து, பூனை கீறியதா என்று கேட்டேன்.

"எந்தப் பூனை? எங்க வீட்ல பூனையே கிடையாது லா," என்றாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது எப்ப வந்துச்சுன்னே தெரியலடி."

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மறைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நஸ்ரினுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் சிரித்துவிடுவாள். அன்று அவள் சிரிக்கவில்லை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை இரண்டு சீட்டு எழுதினேன். கொடி அந்த அளவுக்கு நன்றாக ஏறத் தொடங்கியிருந்தாள்.

அதுதான் விசித்திரம். சீட்டு போடப் போடக் கொடி சதை பிடித்து வளர்ந்தாள். முதலில் தாளில் கிடந்த நாலு எண்ணாக இருந்தவளுக்கு உள்ளங்கையில் காய்ப்பு வந்தது, இடது முழங்கால் மழைக்கு வலித்தது. இவற்றை அண்ணன் சொல்லவில்லை, நானும் யோசித்துச் சேர்க்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயதாகும்போது அம்மா நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டாள். "போனவங்கள வீட்ல பேசப்படாது" என்று அத்தை படங்களையெல்லாம் பெட்டிக்குள் வைத்தாள், அப்பா பேச்சையே நிறுத்திக்கொண்டார். ஆக, என்னிடம் மிச்சமிருந்தது என் நினைவுகள் மட்டும். அவை மூன்று. தூங்குமுன் விரல் மடக்கி எண்ணுவேன். அம்மா ஈரத்தலையோடு நின்று கீரை ஆய்ந்தது ஒன்று. உடைந்த வளையல் துண்டை என் காலில் குத்தாமல் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தது இரண்டு. மூன்றாவது விரலும் மடங்கும். இன்றும் பழக்கதோஷத்தில் மடங்குகிறது. அந்த விரலுக்கு உரியது எது என்றுதான் தெரியவில்லை.

ஏனென்றால் அதைக் கிணற்றில் செலவு செய்தேன்.

அன்று நல்ல மழை. கீழே இயந்திரம் யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருந்தது. கதையில் சுல்தானா பாழுங்கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொடி இறங்கித் தூக்கி வரலாம், ஆனால் ஏறுவதில் இன்னும் ஒரு படி வேண்டும். என்னிடம் பாயிண்ட் இருந்தது. எழுதத்தான் ஒன்றும் இல்லை, யாருக்கும் தெரியாதவை என்னிடம் தீர்ந்து போயிருந்தன. கதையில் ஒருத்தி செத்தால் அவளுடைய எண்கள் எழுதிய தாளைக் கிழித்துப் போடுவது சட்டம். வேண்டுமானால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று அண்ணன் இறங்கி வந்தார். ஆனால் நஸ்ரினின் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாத்தயும் அவகிட்டதானே போட்டு வச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "அவ போனா என்கிட்ட என்னடி இருக்கும்?"

அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு மட்டும் புரிந்தது. நான் சீட்டை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். எழுதும்போது ஒரு தந்திரம் செய்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. முக்கியமானதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டால் டின்னுக்கு உமிதான் போகும், அரிசி என்னிடமே தங்கும். சட்டத்தை ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். மடித்தேன், போட்டேன், பென்சிலை உருட்டினேன். ஆறு விழுந்தது.

அண்ணனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்லும் வழக்கம். கொடி சுல்தானாவை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறாள் என்றார். கிணற்றுச் சுவரில் அடுக்கிய வளையங்களில் முதல் உறை, இரண்டாவது உறை. கீழே இயந்திரம் நின்றது.

"மூனாவது உறையில பாசி வழுக்குது. அங்க ஒரு பொம்பள இருக்கா. ஒன்ன இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு, காதுல ஏதோ சொல்றா. காத்தடிக்குது. டீசல் வாடை."

"கிணத்துல ஏதுண்ணே டீசல்?" என்றாள் நஸ்ரின்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "நானா சொன்னேன்?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டின்னைத் திறந்து படித்தாயா என்று நான் கத்திக் கேட்டேன். சாமி சத்தியமாக இல்லை என்றார். படித்திருக்கவும் முடியாது, நான் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, டின் என் முழங்காலை ஒட்டியே இருந்தது. ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று யோசித்தேன். கோபத்துக்குக் காரணம் அதற்குள் கைநழுவிப் போயிருந்தது. அன்றிரவு மூன்றாவது விரலை மடக்கிவிட்டு வெகுநேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அரிசியும் போயிருந்தது.

அதன்பின் நாங்கள் விளையாடவில்லை. பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை, பரீட்சை என்று சொல்லிக்கொண்டோம். அண்ணன் டின்னைச் சுற்றி டேப் ஒட்டித் தாள் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

இப்போது அந்த இடத்தில் காப்பிக் கடை இருக்கிறது. பலகைத் தளத்துக்கு வார்னிஷ் பூசி, சுற்றுலா வருகிறவர்களை உட்கார வைக்கிறார்கள். பிரகாஷ் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். கடையைக் காலி செய்தபோது டின்னை நஸ்ரினிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்துக்கு இடம் மாறிவிட்ட அத்தாவின் கடையை இப்போது நடத்துவது அவள்தான். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, தன் சீட்டுகளைப் பிரித்துப் படித்துவிட்டதாகச் சொன்னாள். யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது என்றாள். பூனை ஒன்று இருந்ததாம், அவள் கையிலேயே செத்ததாம். சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, அது வராததுதான் தன்னைத் தூங்கவிடுவதில்லை என்றாள்.

என் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். கார்களையும் லாரிகளையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும் பழைய ஃபெரி இப்போது இல்லை, ஆட்களை மட்டும் ஏற்றும் குளிரூட்டிய படகுதான் போகிறது. கண்ணாடிக்குள் கடல் காற்று வராது. நல்ல வெயில். கடைசியாகப் போட்ட பன்னிரண்டாவது சீட்டை மட்டும் பிரித்தேன், மற்ற பதினொன்றை இன்னும் பிரிக்கவில்லை. என் கையெழுத்துதான், 'ழ'வின் வால் நீண்டிருந்தது.

"பழைய ஃபெரியில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காதில் ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன். அது எனக்கு."

படகு பினாங்குக் கரையை அடைந்து எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை. ஆனால் மூன்றாவது உறையின் பாசி நகத்துக்குள் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் அம்மா சொன்னதைக் கொடி கேட்டாள், தலையை ஆட்டினாள், ஏறி வெளியே போய்விட்டாள்.