இடம் மாறித் தங்கிய கருவும் ஆத்தா எனக்குத் தந்த உயிரும்

1958ஆம் வருஷம் புரட்டாசி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அப்போதுதான் முதல் தடவையாக நாள் தள்ளியிருந்தது. ஒன்றரை மாதம். அந்தச் சந்தோஷம் எனக்கு நிலைக்கவில்லை. நாலு நாளாக இடது பக்க அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. கறுப்பாகக் கொஞ்சம் தீட்டும் பட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘இவளுக்கு முதல் கருவே தங்கவில்லை’ என்று பேசுவார்களே என்று பயம்.

அப்படிப் பேசக்கூடியவர்களில் முதல் ஆள் என் மதினி சீனியம்மாள். என் கணவரின் அக்கா. புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தார். ஒரு சண்டையில் என்னை ‘மலடி’ என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து இரண்டு வருஷம், ஒரே பானைச் சோற்றைத் தின்று, ஒரே ஷெட்டில் வேலை பார்த்தும் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. தோள்பட்டை வரை வலி ஏறியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்த என்னைத் தூக்கியது மதினிதான். மருத்துவச்சி வந்தாள். வாயுக் கோளாறு என்று சொல்லி, விளக்கெண்ணெயைத் தடவி வயிற்றைப் பிசையப் போனாள். மதினி அவள் கையைத் தட்டிவிட்டார்.

“தொடாத. இவ உதட்டப் பாரு, வெள்ளத் தாளு கணக்கா இருக்கு. வெளிய ரத்தத்தக் காணும், உள்ளுக்குள்ளதான் போகுது. ஏலே கருப்பா, மதுரைக்கு வண்டி பாருலே!”

கருப்பசாமி என் வீட்டுக்காரர். தீப்பெட்டி லோடு ஏற்றி மதுரைக்குக் கிளம்பிய லாரியை அவர் மறித்து நிறுத்தினார். டிரைவருக்குப் பக்கத்தில் மதினி மடியில் கிடந்தேன். விருதுநகர் தாண்டுகிறவரை அவர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். “ராசாத்தி, கண்ண மூடாத புள்ள. ஏதாச்சும் பேசு.” இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு வாய் திறக்க முடியவில்லை. வேண்டுவதற்குக்கூட வார்த்தை வரவில்லை. மாரியாத்தாளை நினைத்து “ஆத்தா, ஆத்தா” என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னைப் பார்த்தார். வயிற்றில் ஊசி போட்டு இழுத்ததில் உறையாத கறுப்பு ரத்தம் வந்ததாம். மயக்கம் கொடுப்பதற்கு முன் என்னிடமே சொன்னார்: “கரு கர்ப்பப்பையில தங்கலம்மா. அதுக்குப் போற குழாயில தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. இப்பவே வயித்தத் திறந்து அதை எடுத்தாகணும். அந்தக் கருவைக் காப்பாத்த வழி இல்லை.” நாள் முழுக்கக் குழாய் உருட்டுகிறவளுக்கு, கொள்ளாததைத் திணித்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? புரிந்தது. அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

எனக்கு ஏற்ற என் வீட்டுக்காரர் ரத்தம் சேரவில்லை. மதினி ரத்தம் சேர்ந்தது, அதைத்தான் ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது மதினி சொல்லி எனக்குத் தெரியும். டாக்டர் பாதியில் கதவுக்கு வந்திருக்கிறார். வலது குழாயும் பழைய புண்ணால் ஒட்டிக்கிடக்கிறதாம். அதையும் எடுத்துவிட்டால் இந்த ஆபத்து மறுபடி வராது, ஆனால் பிள்ளைக்கு வழியில்லை. விட்டுவைத்தால் பிள்ளை உண்டாகலாம், அடுத்த கருவும் குழாயிலேயே தங்கவும் கூடும். என்ன செய்யட்டும் என்று கேட்டாராம்.

“எனக்கு அவ உசிரோட இருந்தாப் போதும். எடுத்துருங்கம்மா” என்றாராம் என் வீட்டுக்காரர்.

“அவ எந்திரிச்சு, என்னையக் கேக்காம ஏன் எடுத்தீகன்னு கேட்டா என்னலே சொல்லுவ?” என்று மதினி அவரைத் தடுத்திருக்கிறார். “இப்ப அதால உசிருக்கு ஆபத்து இல்லன்னா விட்டு வைங்கம்மா.”

விட்டுவைத்தார்கள். நான் பிழைத்தேன்.

வீடு திரும்பிய பிறகுதான் துக்கம் பிடித்துக்கொண்டது. ஒன்றரை மாதக் கருவுக்கு யாரும் துக்கம் கேட்க வரமாட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், என் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்க்க. ‘ஒத்தக் குழாயில என்ன புள்ள பெறப் போறா’ என்று என் காதுபடவே பேசினார்கள். மதினி வாசலில் நின்று சொன்னார்: “அவ ஒடம்புல எங்க வீட்டு ரத்தம் ஓடுது. இங்கன இன்னொருத்தி வந்தா நானும் அவளும் சேந்தே வெளிய போயிருவோம்.” அதோடு பேச்சு அடங்கியது.

1961 தை மாதம் மறுபடி நாள் தள்ளியது. சந்தோஷப்பட முடியவில்லை. பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. நாள் தள்ளியதும் வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மதினியும் நானும் மதுரைக்குப் போனோம். கரு எங்கே இருக்கிறது என்று அதற்குள் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருங்கள் என்றார். மதினியின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மூன்றாம் வாரம் வலது பக்கம் வலித்தது. ரத்தம் பட்டது. அதே வலி.

வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு மத்தியானம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். காரியாபட்டிப் பக்கம். எனக்கு வந்த அதே நோவு. இரண்டு நாளாக வீட்டிலேயே வைத்து வேண்டியிருக்கிறார்கள். அம்மனுக்கு முடிந்த மஞ்சள் துணிக் காசு அவள் முந்தானையில் இருந்தது. ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துபோனாள். அவள் புருஷன் அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் நின்றார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பிள்ளை கொடு என்று கேட்கத் துணிவில்லை. “ஆத்தா, எங்கன வைக்கணுமோ அங்கன வைச்சிரு. இல்லன்னா என்னை மட்டுமாவது மிச்சம் வை” என்றேன்.

சாயங்காலம் டாக்டர் சோதித்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: “கர்ப்பப்பை பெருசாகியிருக்கு. பக்கத்துல கட்டி எதுவும் தட்டுப்படலை. கரு அதோட இடத்துலதான் இருக்கு.” மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். புரட்டாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். மாரியம்மாள் என்று பெயர் வைத்தோம்.

அந்தப் பெண்ணை ஆத்தா ஏன் விட்டுவிட்டாள்? அவளும் வேண்டிக்கொண்டுதானே வந்தாள்? எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து, நாள் தள்ளி ஒரு பக்கம் வலிக்கிறது என்று எந்த வீட்டில் கேள்விப்பட்டாலும் நானும் மதினியும் போய் நிற்கிறோம். திட்டுகிறார்கள். வாங்கிக்கொள்கிறோம். இதுவரை மூன்று பேரை ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றியிருக்கிறோம். ஒருத்திக்கு இரண்டு குழாயும் போய்விட்டது, இனிப் பிள்ளை இல்லை. இருந்தும் உயிரோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள்.

தாயை நம்புங்கள், சகோதரிகளே. வலியை மறைக்காதீர்கள். மனம் விட்டு வேண்டிக்கொள்ளுங்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டிக்கொள்ளுங்கள். “ஆத்தா” என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்குக் கேட்கும்.