மங்குக் கம்பி

மாமாவின் காரை அம்மா ஒருநாளும் கார் என்று சொன்னதில்லை. "அந்தத் தகரம்" என்றுதான் சொல்வார். எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தபோது கொட்டகையிலேயே விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. ஈப்போவில் பட்டறை வேலை பார்த்த மாமா அதைத் தள்ளிக்கொண்டே வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கு அடியிலேயே போயின. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். இருக்கைகளுக்குப் பின்னால் பலகை மாதிரி ஒரு துண்டு இடம். இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு மட்டும்தான் அங்கே கால் மடங்கும் என்பதால் அது எனக்கே எனக்கு.

தாத்தா போன பிறகு சித்தியை வளர்த்தது மாமாதான். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது, தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது எல்லாம் அவர். சித்திக்குப் பாகான் டத்தோவில் மாப்பிள்ளை முடிவானபோது எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமா கேட்டது ஒன்றுதான். கல்யாணத்தன்று சித்தி தன் காரில்தான் ஈப்போ கோயிலுக்குப் போகவேண்டும். அம்மா முகத்தைச் சுளித்தாலும் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் பெண் ஏறிய வண்டி கோயில் வாசல் வரைக்கும் ஓரடிகூடப் பின்னால் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது சட்டம்.

அந்த வாரமே தகரம் மானத்தை வாங்கியது. காம்பார் போய்த் திரும்பும் வழியில் கியர் லிவர் கஞ்சிக்குள் விட்ட அகப்பை மாதிரி எந்தப் பக்கம் தள்ளினாலும் போனது. கியர்தான் விழவில்லை. மாமாவும் சித்தியும் வெயிலில் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பலகை மேல் உட்கார்ந்துகொண்டு நான் ஊர்வலம் வந்தேன்.

கோளாறு இருந்தது நான் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. அங்கே விரிப்பைத் தூக்கினால் ஒரு சின்ன மூடி. அதற்குள், முன்னாலிருந்து வரும் கம்பும் பின்னால் கியர்பெட்டியிலிருந்து வரும் கம்பும் ஓர் இணைப்பில் சேர்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது கூர்முனை வைத்த ஒரு ஸ்க்ரூ. முனை கம்பிலிருக்கும் குழியில் சரியாக உட்காரவேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும், முடுக்கியது போலத் தெரியும், ஓட ஓடக் கழன்றுவிடும். மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் குழியைத் தேடி, ஸ்க்ரூவைத் திருகி, லிவரை ஆட்டிப் பார்த்து, மறுபடி திருகினார். ஸ்க்ரூவின் தலையில் ஓர் ஓட்டை உண்டு. அதில் கம்பி கோத்து இணைப்போடு சேர்த்து முறுக்கிக் கட்டினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

கம்பியைக் கொண்டுவந்தது சித்தி. எண்ணெய் எடுக்கும் செம்பனை போட ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்னால் மட்டும் சில மரங்கள் பிழைத்து நின்றன. அதில் ஒன்றில், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கிய கம்பி இன்னும் சுற்றிக் கிடந்தது. சித்தி அதைக் கழற்றிவந்து நீட்ட, மாமா குறடால் முறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்தார்.

"இனிமே கழலாது லா," என்றார் சித்தியிடம். "யாராச்சும் வெட்டினாதான் உண்டு."

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையே நாலு பேர் சேர்ந்து காரைத் தூக்காத குறையாக ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். காலையில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமா, பக்கத்தில் சித்தி, பலகையில் நான். பின்னால் வேனில் அம்மாவும் மற்றவர்களும்.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் நாங்கள் ஏறவும், எதிர்முனையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஏறவும் சரியாக இருந்தது. பாரம் ஏற்றிய லோரிக்குத்தான் வழிவிட வேண்டும், தோட்டத்தில் அது வழக்கம். அம்மா வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார். பின்னால் மட்டும் எடுக்காதே என்று கத்திவிட்டு, லோரிக்காரரிடம் தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சப் போனார்.

அப்போதுதான் சித்தி, மாமாவைப் பார்க்காமலே, மெல்லச் சொன்னார்.

"அண்ணே, பின்னால எடுங்க. வீட்டுக்கே போயிரலாம்."

மாமாவின் கை லிவர் மேல் இருந்தது. அதை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"ரிவர்ஸ் விழ மாட்டேங்குதும்மா. ஸ்க்ரூ கழண்டிருச்சு."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா இறங்கி, பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வெளியே வரவே இல்லை. கார் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்த லோரிக்காரர், மணப்பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டு, அவ்வளவு பெரிய லோரியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். மாமா கண் சிவக்க எழுந்து வந்து உட்கார்ந்தார். தூசி என்றார். முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சித்தி மாப்பிள்ளை வீட்டுக் காரில் போனார். மாமா கோயில் வாசலிலிருந்து ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினார். ஸ்க்ரூ எப்படிச் சரியானது என்று கேட்டேன். பேசாமல் வா என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தேன். மங்குக் கம்பி முறுக்கு அவிழாமல் அப்படியே இருந்தது. ஸ்க்ரூ என் பலகைக்கு அடியில் இருக்கும்போது மாமா காருக்கு அடியில் எதைத் தேடினார் என்று எனக்குப் புரியவில்லை. கம்பி கொண்டுவந்து கொடுத்த சித்திக்கு அது தெரியாதா என்றும் யோசிக்கத் தெரியவில்லை. ரிவர்ஸ் விழுந்திருந்தால் மாமா பாலத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார், வீட்டு வாசல் வரைக்கும் போயிருப்பார் என்பதெல்லாம், நானே கல்யாணமாகிக் கிளம்பிய அன்றுதான் தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு மாமா மேல் கோபம்தான் வந்தது. சித்தி எங்கே புறப்பட்டாலும் கைக்குட்டையை மறந்துவிடுவார். அதை எடுக்கத்தான் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறார், இந்த மனுஷன் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்தேன். சித்தியின் கைக்குட்டை ஒன்றைத் தேடி எடுத்து, நாலாய் மடித்து, அந்த மூடிக்குள் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த முறை சித்தி கேட்டால் திரும்பிப் போக வேண்டியதில்லை பாருங்கள்.