ஓரமா நிறுத்துங்க

“அது வரும்போது எப்படி இருக்கும்?” என்று டாக்டர் கேட்டார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. சித்திக்கு அவருடைய மொழி கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். இரண்டு மொழியிலும் படித்தவள் என்று என்னை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கேள்வியைச் சித்தியிடம் கேட்டேன்.

“கிளட்சை டபக்குன்னு விட்டா வண்டி ஒரு குதி குதிக்கும்ல, அந்த மாதிரி,” என்றாள் சித்தி. “குதிச்சிட்டு ஒரு நொடி நின்னு போயிடும். சரி, ஆஃப் ஆயிடுச்சுன்னு நெனைப்பேன். அப்புறம் அதுவா கிளம்பி விர்ருன்னு ஓடும்.”

நான் டாக்டரிடம், நெஞ்சு படபடக்கிறது என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் இவ்வளவு சொன்னேன், நீ ரெண்டே வார்த்தைல முடிச்சிட்ட. கிளட்ச் எங்கடி போச்சு?”

கிளட்சையும் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு எத்தனை மாதமாக என்று கேட்டார். எட்டு மாதம். மாடி ஏறினால் வருமா? வரலாம், வராமலும் இருக்கலாம். மயக்கம் வந்ததுண்டா?

“இல்ல.”

ஒரு தடவைகூட?

“மயக்கம் எப்படி வரும்னு எனக்கு நல்லாத் தெரியும்னு சொல்லு. என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேருக்கு முதல் நாள் ரவுண்டானால வரும்.”

அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன். அதுக்குத்தான் வந்தேன்னு சொல்லு. இருபது நாள்ல லைசென்ஸைப் புதுப்பிக்கணும். உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் கையெழுத்து வேணும்.”

டாக்டர் இந்த முறை நீளமாகப் பேசினார். நாங்கள் கொண்டுபோயிருந்த ரத்தம், தைராய்டு சோதனைகள், இதயத்தின் படம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் குதிப்பது எது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது, ஒரு நாள் முழுக்க ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்ய வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். அதில் ஆபத்தானது ஏதாவது தெரிந்தால் கையெழுத்து கிடையாது.

தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். சித்தி தலையாட்டினாள்.

“நியாயந்தானே. டெஸ்ட் வைக்காம லைசென்ஸ் கொடுத்தா அவர் என்ன டாக்டர்?”

சித்தி என் அம்மாவின் தங்கை. நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடங்களாக ஒரு சின்ன வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். அந்த இருக்கைக்கு முன்னால் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் ஒரு விரல் உயரத்தில் அவள் வலது கால் எப்போதும் தூக்கியே இருக்கும். மிதிப்பது அபூர்வம். அப்படித் தூக்கியே வைத்திருப்பதால் ஊரில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்றே பெயர். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. சித்தப்பா டம்ளரில் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை ஒரு அழுத்து அழுத்துவாள்.

நெஞ்சு குதிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். வாயு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டீதான் காரணம் என்றாள் அம்மா. சித்தி இரண்டு மாதம் டீயை நிறுத்திப் பார்த்தாள். “டீயும் போச்சு, குதியும் போகல. அப்ப டீயாவது இருக்கட்டும்,” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

சித்தப்பாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துக் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் வாழ்க்கை.

“கம்ப்ரஸர் சும்மா குதிக்காது,” என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. “தினம் எட்டு பேர் உன்னைக் கொல்லப் பாக்கறாங்க. நெஞ்சு குதிக்காம என்ன செய்யும்? கார வித்துட்டு டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ்ல போன் எடுக்கற வேலையப் பாரு. அவங்களே கூப்பிடறாங்கல்ல?”

“போன் எடுக்கறதுக்கா பத்தொன்பது வருஷம் காலைத் தூக்கி வச்சிருந்தேன்?”

“வெளையாடாத.”

“வெளையாடல. டாக்டர் கையெழுத்துப் போடலன்னா மறு நாளே கார வித்துடலாம். போட்டுட்டா, இதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. சம்மதமா?”

சித்தப்பா தட்டில் மோரை ஊற்றிப் பிசைந்தார். பிறகு சம்மதம் என்றார். கையெழுத்து வராது என்று அவர் நம்பியது எனக்குத் தெரிந்தது.

மெஷின் என்பது ஒரு சோப்புக் கட்டி அளவுள்ள பெட்டி. அதை இடுப்பில் மாட்டி, நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒயர்களை ஒட்டிவிட்டார்கள். குதிக்கிற போதெல்லாம் பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று மூன்று பத்தி. பாடம் நடத்திக்கொண்டே எழுத முடியாது, தாளும் டாக்டரின் மொழியில் இருந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு வங்கி ஊழியர் வந்தார். கல்யாணமான புதிது, ஓட்டத் தெரியாது என்று கணவர் கேலி செய்வதாகச் சித்தியிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஏழு இருபத்தைந்துக்குச் சித்தி சாதாரணமாக, “அந்த மரம் தாண்டி ஓரமா நிறுத்துங்க. கண்ணாடி பாத்து, சிக்னல் போட்டு,” என்றாள். வண்டி அழகாகப் போய் நின்றது. “இங்கேர்ந்து எத்தனை போர்டு தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க.” அந்தப் பெண் கழுத்தை நீட்டிச் சாலைப் பலகைகளை எண்ணும்போது சித்தியின் கை இடுப்புக்குப் போனது. பொத்தானின் சின்னச் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து, “சரி, கிளம்பலாம்,” என்றாள்.

தற்செயலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தாளில் நேரத்தை மட்டும் குறித்தேன்.

ஒன்பது மணிக்கு டெய்லர் மாஸ்டர் வந்தார். ஐம்பது வயது. முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால், எந்தப் பெடலைக் கண்டாலும் மிதிக்கும்.

“மாஸ்டர், இன்னிக்கு என் அக்கா பொண்ணு பின்னாடி இருக்கா. அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல. பாத்துப் போங்க.”

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம், டீச்சர்?”

“பயம் உங்களுக்கில்ல மாஸ்டர், ரோட்டுக்கு.”

ஒன்பது இருபதுக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில், முன்னால் போன சிலிண்டர் வேன் நின்றது. மாஸ்டர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வேனின் பின்கதவில் எழுதியிருந்த போன் நம்பர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் கடைசி எண் இன்றும் எனக்கு மறக்கவில்லை. கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம்.

சித்தியின் கால்தான் அது. மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்குத் தாளும் பேனாவும் எங்கே போயின என்றே தெரியவில்லை. சித்தியின் கையைப் பார்த்தேன். அது மடியில் இருந்தது.

“சித்தி, வருதா?”

“எனக்கில்ல. உனக்குத்தான் வருது போல. மாஸ்டர், தையல் போதும், நியூட்ரல் போடுங்க.”

அரை மணி கழித்து, ஒரு வண்டியும் இல்லாத நேரான சாலையில், வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தபோது, “ஓரமா நிறுத்துங்க மாஸ்டர்,” என்றாள். பொத்தான் சத்தம் கேட்டது.

மாஸ்டர் நூல் பிடித்தாற்போல் நிறுத்தினார். “டீச்சர், மத்ததுல எப்படியோ, ஓரமா நிறுத்தறதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல. இத்தனை மாசமா இதைத்தான் அதிகமாச் சொல்லிக்கொடுத்திருக்கீங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் வைக்கும் அதிகாரி சித்தியிடம், “உங்க ஆளுங்க நிறுத்தறது மட்டும் தனி அழகும்மா,” என்று சொன்னதை வீட்டில் பெருமையாகப் பேசியிருக்கிறோம். ஆறேழு மாதமாக வந்த பாராட்டு அது.

மாஸ்டர் இறங்கிப் போனதும் கேட்டேன். “சித்தி, அது பாடமா, நெஞ்சா?”

“ரெண்டுந்தான். முதல் தடவை வந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். உள்ள ஒண்ணு குதிக்கறப்ப அடுத்தவங்க கையில ஓடற வண்டிக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. அவங்களும் பயந்துடக்கூடாது. அதான் நிறுத்தச் சொல்லிடறது. அடங்கினதும் கிளம்பறது.”

தாள் என் மடியில் இருந்தது. இரண்டு நேரம் குறித்து, பக்கத்துப் பத்தியைக் காலியாக விட்டிருந்தேன். பாடத்தின்போது வந்தது என்று எழுதினால் டாக்டர் கையெழுத்துப் போடுவாரா? சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். கார் போய்விடும்.

“சித்தி, இந்த ரெண்டையும் பாடத்துக்கு நடுவுல சும்மா உக்காந்திருந்தப்பன்னு எழுதிடவா?”

சித்தி சீட்டில் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. தப்புப் பண்ணின மாணவரைப் பார்க்கும் பார்வை.

“டெஸ்ட்ல சில பேரு கண்ணாடியப் பாக்க மாட்டாங்க. பாத்த மாதிரி கழுத்த மட்டும் திருப்புவாங்க. ஆபீசருக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அவருக்குத் தெரியும். அங்கேயே ஃபெயில்.” பிறகு முன்னால் திரும்பிக்கொண்டு, “நடந்ததை எழுது. வேனையும் எழுது,” என்றாள்.

எழுதினேன். பாடம் நடத்திக்கொண்டிருந்தார், கிளட்ச் விட்டாற்போல் ஒரு குதி, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார், நின்றது, இரண்டு நிமிடத்தில் அடங்கியது, கிளம்பினார்கள். பத்தியில் இடம் போதாமல் விளிம்பிலும் எழுதினேன். ஒன்பது இருபது, வேன், ஒன்றும் இல்லை.

அன்று மொத்தம் பதினான்கு தடவை வந்தது. பாடத்தில் மூன்று. மதியம் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது மட்டும் ஐந்து. மீதி, துணி மடிக்கும்போது, டீ குடிக்கும்போது, தூங்கப் போகும்போது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் நீளமான காகிதச் சுருளை மேசையில் விரித்தார். தாளையும் அதையும் அருகருகே வைத்து விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவை நடுவில் வந்து விழும் கூடுதல் துடிப்புகள், இவரைப் போல இதயம் நன்றாக உள்ளவருக்கு ஆபத்தில்லை என்றார். சித்திக்குத் தெரிந்தது பதினான்குதான், மெஷின் பிடித்தது முந்நூறுக்கு மேல். பிறகு ஓரிடத்தில் விரல் நின்றது. ஒன்பது இருபது. அங்கே துடிப்பு கொஞ்சம் வேகமாகி, ஒரு குதியும் இல்லாமல், ஒரே சீராக இறங்கியிருந்தது.

“இந்த இடத்துல எனக்கு மூணு நாளைக்குக் குதிச்சிருக்கும்,” என்றார் டாக்டர். இதை நான் அப்படியே சித்தியிடம் சொன்னேன்.

“அவருக்குக் கால்ல பிரேக் இல்லையே,” என்றாள்.

ஓரமாக நிறுத்தச் சொன்னார் என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றாள் சித்தி. ஏன் வருகிறது என்று கேட்டதற்கு, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டோம், காரணம் தெரியவில்லை, இது போகலாம், கூடவே இருக்கவும் இருக்கலாம் என்றார். மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். நிறுத்தும் வழக்கத்தை விடவே கூடாது. இதையெல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். தாள் இப்படி இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

மூன்று வருடமாகிறது. குதி இன்னும் வருகிறது, சில வாரம் தினமும், சில மாதம் மறந்துபோகும் அளவுக்கு. சித்தி அதைப் புது ஸ்டூடண்ட் என்பாள். “கத்தினா இன்னும் பதறும். ஸ்டியரிங்கப் புடுங்கினா இன்னும் குதிக்கும். பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும், அதுவே கத்துக்கும். ஆனா இது மக்கு, மூணு வருஷமா லைசென்ஸ் எடுக்கல,” என்பாள். டெய்லர் மாஸ்டர் இரண்டாவது டெஸ்டில் தேறிவிட்டார். சித்தப்பா பேச்சைக் காப்பாற்றுகிறார். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது காரின் நான்கு டயரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்.

கையெழுத்து வாங்கிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் சித்தி காரைக் கிளப்பி, சாலையில் இடம் கிடைக்கக் காத்திருந்தாள். அவளுடைய போன் அடித்தது. சித்தப்பா. ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். பையிலிருந்து எடுக்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினாள்.

“நல்லா இருக்குன்னு சொல்லிடவா, சித்தி?” என்று கேட்டேன்.

“உன் பழக்கம் எனக்குத் தெரியும், ரெண்டு வார்த்தைல முடிச்சிடுவ.” கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள். “எனக்காக ஒண்ணு பண்ணு. காரணம் தெரியலன்னு டாக்டர் சொன்னாரே, அத முழுங்கிடாத. மொதல்ல அதச் சொல்லு. பாடத்துல மூணு தடவை வந்ததையும் சொல்லு. உன் சித்தப்பா கத்தறதக் கத்தி முடிக்கட்டும். கையெழுத்தக் கடைசியாச் சொல்லு.”